ரென் 17-இல் ஊசி படுத்தே போகட்டும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. சித்திரையில் புது அக்குபங்சர் வகுப்பு தொடங்குகிறாய் என்றதும் சந்தோஷமாயிற்று. மார்பு நடுப்புள்ளிக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறாயே, அதுதான் சரி. ரென் 17 (ரென் என்னும் முன் நடுக்கோட்டுப் பாதையின் 17-ஆம் புள்ளி), சீனப் பெயர் ஷான்ஜோங், இதய உறையின் மூ புள்ளி (அந்த உறுப்புக்கான முன்பக்கப் புள்ளி), ச்சி எனும் உயிராற்றல் கூடும் புள்ளி என்றெல்லாம் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். கோட்டை விடுவது இடத்தில்தான்.

"இரு முலைக்காம்புக்கும் நடுவே" என்பது ஆண்களுக்குப் பெரும்பாலும் சரிவரும். பால் கொடுக்கும் தாய்க்கு வராது. அவர்களுக்குத்தான் இந்தப் புள்ளியை அதிகம் தேடுகிறோம். அதனால் விலா எண்ணப் பழக்கு. கழுத்துக் குழியிலிருந்து விரலை மார்பெலும்பின் மேலேயே இறக்கினால் சுமார் 5 செ.மீ.யில் குறுக்கே ஒரு வரப்பு தட்டும். அங்கே வந்து சேர்வது இரண்டாம் விலா. அதற்குக் கீழ்ப் பள்ளம் இரண்டாம் இடைவெளி. நான்காம் இடைவெளி வரை இறங்கி, அதே மட்டத்தில் நடுக்கோட்டுக்கு வந்துவிடு.

ஊசி 1 சுன் (ஒரு கட்டைவிரல் அகலம்) போதும். தோலைக் கிள்ளித் தூக்கி, 10–15 பாகைச் சாய்வில், தோலுக்கு அடியிலேயே அரை சுன் முதல் 1 சுன் வரை. இருமல், இளைப்பு, விக்கலுக்கு முனை கீழ்நோக்கி. பால் சுரப்பு குறைவென்றால் மார்பகத்தின் பக்கமாகத் திருப்பி, கூடவே சிறுகுடல் 1, இரைப்பை 18 என்ற புள்ளிகளும். சுரீரென்று வலித்தால் முனை எலும்புறையில் முட்டியிருக்கும். கொஞ்சம் இழுத்து, இன்னும் படுக்க வை.

"உள்ளே எலும்புதானே, நேராகக் குத்தினால் என்ன?" என்று எவனாவது கேட்பான். கேட்க வேண்டும். 100 பேரில் 5 முதல் 8 பேருக்கு மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய இதே மட்டத்தில், பிறவியிலேயே ஓட்டை இருக்கும். நார்த்திசு மூடியிருப்பதால் விரலுக்குத் தட்டுப்படாது. சாதாரண எக்ஸ்ரேயும் காட்டாது, சி.டி. ஸ்கேன்தான் காட்டும். அதற்குப் பின்னால் இதயம். இந்த ஓட்டை வழியாக ஊசி இறங்கி, இதய உறைக்குள் ரத்தம் தேங்கி ஒரு பெண் இறந்த நார்வே சம்பவம் 1995-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் கையில் கொடு.

மோக்சா குச்சியென்றால் (சூடு காட்ட எரிக்கும் மூலிகைக் குச்சி) தோலிலிருந்து 3 செ.மீ. தள்ளி, 5–10 நிமிடம், தோல் இளஞ்சிவப்பாகும் வரை. தோலில் நேரடியாக வைத்து எரிப்பது இங்கே வேண்டவே வேண்டாம். நடுமார்பில் சின்னச் சுட்ட புண்கூடத் தடித்த தழும்பாக வளர்ந்துவிடும். பைபாஸ் செய்தவர்களுக்குத் தழும்பின் மேல் எதுவும் கூடாது, இதய உறை 6 என்ற புள்ளி போதும்.

நெஞ்சு அடைக்கிறது என்று வியர்வையோடு வருபவருக்குப் புள்ளியே தேடாதே, முதலில் ஈ.சி.ஜி.க்கு அனுப்பு. இதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடு.

மாதிரி எலும்புக்கூடு வேண்டுமென்று கேட்டாயல்லவா, மார்பெலும்பும் விலாக்களும் மட்டும் தனியாக விற்கிறார்கள். அதுவே போதும், விலையும் குறைவு.

அன்புடன்,
ரகு