சிகரத்துக்கு 139 மீட்டர் கீழே

சிவமயம்

தேவகோட்டை

அன்பு மகள் மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு ஆத்தாளும் அப்பத்தாவும் நலம். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் ஏறப் பணம் கட்டிவிட்டதாகச் சிங்கப்பூரிலிருந்து நீ சொன்னபோது ஆத்தா பக்கத்தில் இருந்ததால், சொல்ல வேண்டிய ஒன்றை விழுங்கிவிட்டேன்.

நம் வீட்டு முகப்பில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் சான்றிதழை நீ நின்று படித்ததில்லை என்று நினைக்கிறேன். அதில் இருப்பது கிளிமஞ்சாரோவின் உச்சியான உகுரு சிகரத்தின் பெயர் அன்று. எரிமலை வாயின் விளிம்பில் 5,756 மீட்டரில் இருக்கும் ஸ்டெல்லா முனையின் பெயர். உகுரு 5,895 மீட்டர். மிச்சமிருந்த 139 மீட்டரை நான் ஏறவில்லை. கல்யாண வீடுகளில் என்னை ‘உச்சியைத் தொட்டு வந்தவர்’ என்று அறிமுகப்படுத்தும்போது நான் மறுத்ததும் இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பழனிக்கு நடந்த கால்கள் என்ற செருக்கு எனக்கு இருந்தது. கால்கள் கடைசிவரை சோரவுமில்லை. ஆனால் அந்த உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியே. அதற்கு உடம்பு பழக நாள்கள்தாம் வேண்டும், நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத நம் சீமையில் எத்தனை காதம் நடந்தாலும் அந்தப் பழக்கம் வராது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயராமலிருப்பது நல்லது என்பார்கள். நானோ மச்சாமே வழியில் ஏழு நாள் பயணம் இருக்க, பணமும் ஒரு நாளும் மிச்சம் என்று கணக்குப் பார்த்து ஆறு நாள் பயணத்தை எடுத்தேன். (செட்டியார் கணக்கு என்று நீ சிரிப்பது கேட்கிறது.) அதனால் இடையில் காரங்கா முகாமில் தங்க வேண்டிய இரவு போயிற்று, 3,976 மீட்டரில் இருக்கும் பராங்கோவிலிருந்து 4,673 மீட்டரில் இருக்கும் பராஃபு முகாமுக்கு ஒரே நாளில் போய், அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்பினோம்.

பராஃபுவில் சாயங்காலமே தலை வலித்தது, சோறும் இறங்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வழிகாட்டியிடம் மறைத்தேன். என் பெரிய தவறு அதுதான். ‘போலே போலே’, அதாவது மெள்ள மெள்ள என்று சுவாஹிலியில் அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே நடந்தார். விடியும் நேரத்தில் ஸ்டெல்லா முனையை அடைந்ததும் என் நடையைப் பார்த்தவர், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்கு அடியில் சாய்ந்தேன். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி அது, மறைத்தால் உயிர் போகும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வாதிடவில்லை, என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கீழே இறங்குவதே அதற்கு முதல் மருந்து. அன்று மாலை 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாமில் தலைவலி போன இடம் தெரியவில்லை.

ஆகவே ஏழு நாளுக்குக் குறையாத பயணமாக மாற்றிக்கொள். மலை உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை எடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடு. சல்ஃபா மருந்து உனக்கு ஒவ்வாது என்று ஆத்தா சொல்வாளே, அதை அவரிடம் மறக்காமல் சொல். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் இயல்பு. தலை வலித்தால் அந்த நிமிடமே வழிகாட்டியிடம் சொல்லிவிடு.

என் கையுறையும் தலைவிளக்கும் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கின்றன. அடுத்த வாரம் சிங்கப்பூர் வருபவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாட்டரி மட்டும் புதிதாக வாங்கி, இரவில் தூங்கும் பைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள். குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆத்தாளிடம் 139 மீட்டர் கதையை இன்றிரவு நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பச்சி