ஆர்ச்சர் பிளட் பதவியை உதறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வங்கதேசப் போர் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் 1971இல், இன்றைய வங்கதேசம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக இருந்த ஆர்ச்சர் பிளட்டுக்கு அதில் ஒரே ஒரு பத்திதான். அதையும் 'மனம் பொறுக்காமல் பதவியைத் தூக்கியெறிந்தவர்' என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். பிளட் எதையும் தூக்கியெறியவில்லை. 1947இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், 1982இல் ஓய்வு பெறும்வரை அதிலேயேதான் இருந்தார்.

மார்ச் 25 இரவு வங்காளிகளை ஒடுக்கப் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவுக்குள் புகுந்தபோது பிளட் வீட்டில் விருந்து. வந்தவர்கள் திரும்பிப் போக வழியில்லை. ஊருக்குள் குண்டுகள் பாய்வதை மொட்டைமாடியில் நின்று பார்த்திருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து அவர் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியின் தலைப்பே 'தேர்ந்தெடுத்த இனப்படுகொலை'. அங்கிருந்து பதில் இல்லை. ஏப்ரல் 6ஆம் தேதி, பாகிஸ்தானைக் கண்டிக்காத அமெரிக்க அரசின் கொள்கையை ஏற்கவில்லை என்று டாக்காவில் இருந்த 20 அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்திட்ட தந்தி போனது.

பலரும் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே இதற்குப் பிறகு வருவதுதான். அந்த இரண்டாவது தந்தியின் வாசகத்தை எழுதியவர் பிளட் அல்ல, இளம் அதிகாரி ஸ்காட் புட்சர். கீழே உள்ளவர்கள் எழுதிக் கொடுத்ததைத் 'தங்கள் பார்வைக்கு' என்று மேலே தள்ளிவிட்டுக் கை கழுவிக்கொள்ளும் வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். பிளட் அப்படிச் செய்யவில்லை. தூதரகத்தின் தலைவர் என்ற முறையில் தான் கையெழுத்திடுவது முறையாகாது, ஆனால் இந்தக் கருத்துகள் எனக்கும் உடன்பாடே என்று கீழே தன் குறிப்பைச் சேர்த்தார். அப்புறம் இன்னொன்றையும் எழுதினார்: இந்தப் போராட்டத்தில் பெரும்பாலும் வங்காளிகளே வெல்வார்கள், சுதந்திர வங்கதேசம் அமையும், ஆகவே தோற்கப்போகிறவர் பக்கம் மட்டும் நிற்பது அறிவீனம். போர் டிசம்பர் 16இல் முடிந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே இதைச் சொன்னவரை இரக்க மனம் கொண்டவர் என்று மட்டும் பாராட்டினால் போதுமா? தன் வேலையை வாஷிங்டனில் இருந்தவர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் என்றல்லவா சொல்ல வேண்டும்!

மேலிடத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. காரணம் சீனா. பெய்ஜிங்கோடு ரகசியமாகப் பேச அமெரிக்க அதிபர் நிக்ஸனுக்குப் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் இடைத்தரகராக இருந்தார். ஜூலையில் நிக்ஸனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் பாகிஸ்தான் போய், வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு அங்கிருந்து சீனாவுக்குப் பறந்த கதை ஊரறிந்தது. தந்தி வந்த அன்றே வெளியுறவு அமைச்சர் ரோஜர்ஸ் கிஸிஞ்சரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இது பலர் கைக்குப் போயிருக்கிறது, எப்படியும் வெளியே கசிந்துவிடும் என்று எரிச்சல்பட்டார். அதில் இருந்த விஷயம் உண்மையா என்று பார்ப்பதைவிட அது கசியுமா என்பதுதான் பெரிய கவலை.

பிளட்டை டாக்காவிலிருந்து திரும்ப அழைத்துப் பணியாளர் பிரிவில் உட்கார வைத்தார்கள். நம் ஊரில் தண்ணியில்லாக் காடு என்போம். அங்கே தலைமையகத்திலேயே ஒரு மேசை. அதே 1971இல் வெளியுறவு அதிகாரிகளின் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது, அது வேறு விஷயம். கிஸிஞ்சர் பதவி விட்டு இறங்கிய 1977இல்தான் டெல்லித் தூதரகத்தில் இரண்டாம் நிலைப் பொறுப்பு கிடைத்தது. 1979இல் காபூலுக்கும் போய் ஆப்கானிஸ்தான் ஆட்சித் தலைவர் ஹஃபிஸுல்லா அமீனைச் சந்தித்துப் பேசினார். முழுத் தூதர் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. கொடுத்த விலையைப் பற்றிக் கேட்டபோது, எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றுதான் சொன்னார். 2004இல் கொலராடோவில் காலமானார். மறு ஆண்டு டாக்காவில் உள்ள அமெரிக்க மைய நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தத் தந்தி அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுப்பில் இப்போது எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. நீளமும் அதிகமில்லை. அதைத் தமிழில் பெயர்த்து, பிளட்டின் பின்குறிப்பையும் விட்டுவிடாமல் அடுத்த இதழில் வெளியிட்டால் நல்லது.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
திருச்சி