தாத்தா வீட்டுச் சுவரில் மார்ஷல்

அன்புள்ள சவரி,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவின் கண் அறுவை, பேத்தியின் பள்ளிக்கூடம் என்றெல்லாம் சாக்குச் சொல்லப் போவதில்லை. எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நீ கேட்ட அந்தப் பூ. கேரம் ஆட்டத்தில் பலகையைக் கவிழ்த்ததுபோல் இந்தக் கடிதத்தைப் பாதியில் போட்டுவிடாதே. முழுதும் படி.

"வெர்தனுக்குப் போனால் மார்ஷல் பேரைச் சொல்லி ஒரு பூ வைத்துவிட்டு வா" என்று எழுதியிருந்தாய். முதல் உலகப் போரில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் பெத்தாங் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற அந்தப் போர்க்களத்துக்குப் போன மாதம் போனேன். துவோமோன் எலும்பு மண்டபத்தின் சின்னச் சன்னல்கள் வழியே குனிந்து பார்த்தேன். அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 சிப்பாய்களின் எலும்புகள். பிரெஞ்சுக்காரன் யார், ஜெர்மானியன் யார் என்று யாரால் சொல்ல முடியும்? 1920-இல் அங்கே அடிக்கல் நாட்டியவர் மார்ஷல் பெத்தாங். அங்கேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசையும்.

பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த உன் தாத்தா வேளாங்கண்ணி மாதாவுக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டியது எனக்குப் புரிகிறது. 1916 பிப்ரவரியில் வெர்தன் விழும் நிலையில் பொறுப்பேற்றவர் அவர். பார்-லெ-துக்கிலிருந்து வரும் அந்த ஒரே சாலையில் இரவும் பகலும் லாரிகளை ஓடவிட்டு, படைப்பிரிவுகளை மாற்றி மாற்றி அனுப்பி, சிப்பாய்க்கு ஓய்வு கிடைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு படைகள் கலகம் செய்தபோது சிலரைச் சுட்டுக் கொல்லவும் விட்டார், விடுப்பையும் சாப்பாட்டையும் சீராக்கவும் செய்தார். தங்கள் உயிரை மதித்த தளபதி என்று சிப்பாய்கள் நம்பினார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சவரி, 1940-இல் 84 வயதில் ஹிட்லரிடம் போர்நிறுத்தம் கேட்டதும், பிறகு விஷி நகரிலிருந்து ஆட்சி நடத்தியதும் அவர்தான். நீ சொல்வாய், தோற்ற நாட்டுக்கு வேறு வழி என்ன என்று. "தெ கோல் வாள், மார்ஷல் கேடயம்" என்று தாத்தா சொன்னதையும் சொல்வாய்: லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தெ கோல் வாளாம், நாட்டிலேயே இருந்து மக்களைக் காத்த மார்ஷல் கேடயமாம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2010-இல் ஒரு காகிதம் வெளியே வந்தது. யூதர்களை அரசு வேலைகளிலிருந்து விலக்கிய 1940 அக்டோபர் சட்டத்தின் வரைவு. பிரான்சில் பல தலைமுறையாக வாழ்ந்த யூதர்களுக்கு அதில் ஒரு விலக்கு இருந்தது. அதை மார்ஷல் தன் கையாலேயே அடித்திருக்கிறார். ஆசிரியராக இருக்கக் கூடாது, நீதிபதியாக இருக்கக் கூடாது என்று தடைகளைக் கூட்டியிருக்கிறார். ஜெர்மானியர் யாரும் அவர் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அந்தக் கையெழுத்தின் படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1942 ஜூலையில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். என் பேத்தி வயதுக் குழந்தைகள், சவரி! இது என்ன கேடயம்? யாருக்குக் கேடயம்?

1945-இல் தேசத் துரோகக் குற்றத்துக்காக மார்ஷலுக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஒரு காலத்தில் அவர் படைப்பிரிவில் இளம் அதிகாரியாக இருந்த தெ கோல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1951-இல், 95 வயதில், அட்லாண்டிக் தீவு ஒன்றில் காவலிலேயே இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். 1973-இல் அவர் ஆதரவாளர்கள் சிலர் துவோமோனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சவப்பெட்டியையே திருடினார்கள். சில நாளில் பிடித்து, திரும்பவும் தீவிலேயே புதைத்துவிட்டார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். வெர்தனில் செய்ததைக் காட்டி 1942-ஐக் கழித்துவிட முடியாது.

நம் ஊரையும் நினைத்துக்கொண்டேன். 1940 செப்டம்பரில் புதுச்சேரி விஷி பக்கம் போகாமல் தெ கோல் பக்கம் சேர்ந்தது. தாத்தா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா?

பூ வாங்கினேன். மார்ஷல் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. எலும்புகள் தெரியும் சன்னல் ஓரமாக, தாத்தா பேரைச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். கோபம் வந்தால் திட்டி எழுது, பரவாயில்லை. அந்தப் படம் இன்னும் கூடத்துச் சுவரில்தான் இருக்கிறதா என்பதையும் எழுது.

உன்,
தேவா