டிவியில் நான் ஏன் வருவதில்லை

பிரிஸ்டல், கனெக்டிகட்
ஜனவரி 19

அன்புள்ள அம்மா,

நீ சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்காக நீ கோபித்து ஒரு வார்த்தை எழுதியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். இன்று விடுமுறை, விவரமாகவே எழுதுகிறேன்.

"இ.எஸ்.பி.என்னில் வேலை என்றீர்களே, பையனை டிவியில் காணோமே" என்று மேல வீட்டு அத்தை கேட்டாராமே. எங்களுடையது மாதிரி விளையாட்டுச் சேனலில் முகம் தெரிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் அம்மா. பின்னால் இருட்டு அறைகளில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்தான் அதிகம். நான் அதில் ஒருவன். ஹைலைட்ஸ் வெட்டுவது என் வேலை.

இப்போது கூடைப்பந்து சீசன். மேற்குக் கடற்கரை ஆட்டங்கள் எங்களுக்கு இரவு பத்து, பத்தரைக்குத்தான் தொடங்கும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரே ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பேன். யார் போட்டார், யார் தடுத்தார், எந்தக் கேமராவில் நன்றாக விழுந்திருக்கிறது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டே வர வேண்டும். கடிகாரக் கணக்கில் 48 நிமிட ஆட்டம்தான், ஆனால் நிறுத்தி நிறுத்தி ஆடி முடிய இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இரண்டு அணியும் சேர்ந்து 200 புள்ளிக்கு மேல் எடுத்திருப்பார்கள். அத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். பந்து விழுவதை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் ஒன்றும் புரியாது. யார் முன்னால் இருந்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள், எப்படித் திரும்பப் பிடித்தார்கள் என்று கதையாக வர வேண்டும். கூடவே எந்தக் காட்சியில் யார், அப்போது ஸ்கோர் என்ன என்று ஒரு தாளில் எழுதித் தருவோம். ஸ்டூடியோவில் இருப்பவர் பல நாள் அந்தக் காட்சியை நேரலையில்தான் முதல்முறை பார்ப்பார். தாளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, மைதானத்தில் நின்றவரைப்போலப் பேசுவார். நான் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் அது அவர் வாய்வழியாக நாடு முழுக்கப் போய்விடும். அதனால் மூன்று முறை சரிபார்ப்பேன். கன்ட்ரோல் ரூமில் "ஐந்து, நான்கு, மூன்று" என்று எண்ணத் தொடங்கினால் இன்னமும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அம்மா. அப்பாவிடம் அதைச் சொல்.

ஊர் சின்ன ஊர்தான். ஒரு காலத்தில் கடிகாரம் செய்து பெயர் வாங்கிய ஊர், அதற்கென்று மியூசியம் இருக்கிறது. 1979 செப்டம்பர் 7 அன்று எங்கள் சேனல் இங்கிருந்துதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. இன்னொன்று கேள், இங்கே செவ்வந்திப் பூவுக்கு வருடாவருடம் விழா எடுக்கிறார்கள்! தொட்டி தொட்டியாக வைத்திருப்பார்கள். தலையில் வைக்கத்தான் ஆள் இல்லை.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரவு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கார் கண்ணாடியில் பனி கல்லாக இறுகியிருக்கும். சுரண்டி எடுக்கவே கால் மணி நேரம் ஆகும். அப்போது உனக்குப் பகல் பன்னிரண்டரை, சோறு வடித்துக்கொண்டிருப்பாய். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. கேன்டீனில் எல்லாம் கிடைக்கும், நான்தான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறேன். அதுதான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது.

கீழ் வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி என்றால் அவருக்கு உயிர். அதன் பயிற்சியாளர் ஜீனோ ஓரியெம்மாவை வீட்டுப்பிள்ளை மாதிரி "ஜீனோ" என்றுதான் சொல்வார். (பெயரைக் கேட்டுப் பெண் என்று நினைக்காதே, ஆண்தான். 1985 முதல் அவர்தான் பயிற்சியாளர்.) எங்கள் சேனலில் எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்கிறேன் என்பது பாட்டியின் எண்ணம். "நேற்று எங்கள் பிள்ளைகளை ஏன் இருபது நொடிதான் காட்டினாய்?" என்று படியிலேயே மறித்துக் கேட்பார். சில நாள் நான் பேசும் ஒரே ஆள் அவர்தான். சரி, அது வேலை நேரம் அப்படி.

பொங்கலன்றும் ஷிப்ட் இருந்தது. ஆட்டம் முடியச் சில நொடி, ஒரு பையன் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் பந்தைக் கூடையில் எறிவது) போட நிற்கிறான். கேமரா கூட்டத்தில் அவன் அம்மாவைக் காட்டியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். கூட்டம் கத்திய பிறகுதான் திறந்தார். என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று கதவுக்குப் பின்னால் நீ அப்படித்தான் நின்றாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஹைலைட்ஸில் அதற்கு இடமில்லை. இருந்தும் அழிக்க மனம் வரவில்லை. அம்மா, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

விசா முடிவு தெரியாமல் டிக்கெட் போட முடியாது. தெரிந்ததும் எழுதுகிறேன்.

அப்புறம், அக்கா வளையலுக்கு இந்த மாதம் வட்டி மட்டும் கட்டச் சொல். பனிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. மாசிக்குள் மீட்டுவிடலாம். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வேலி விஷயமாகப் பெரியப்பா வந்தால் காபி கொடுத்து மரியாதையாகப் பேசு, ஆனால் எதிலும் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதே. பச்சைப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தைத் தம்பி நகல் எடுத்து எனக்கு அனுப்பட்டும், நான்கு பக்கத்தையும்.

உன் மகன்