தேதி தாண்டிய கார்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் என் வீட்டுக்காரிக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். பேத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு போட்டாகிவிட்டது, தேக்கா பக்கம் சனி ஞாயிறில் கால் வைக்க இடமில்லை.

சரி, உன் மகன், நம் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் வாங்கியிருப்பது சிஓஇயை, அதாவது இங்கே வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றை, ஐந்து வருஷத்துக்கு நீட்டித்த 11 வருஷப் பழைய கார். சாலை வரி அடுத்த மாதம் முடிகிறது, அதற்குள் வண்டிச் சோதனையான இன்ஸ்பெக்‌ஷன் காட்ட வேண்டும், ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. ஒரு மாதம் தள்ளிக் காட்டினால் என்ன, போலீஸ் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறாய். விற்ற ஆளும் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொன்னானாம். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது மாப்ளே. இதைத் தம்பியிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் நீ கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் சொந்தக் காரை முதல் 15 வருஷம் யாரும் சோதனைக்குக் காட்டச் சொல்வதில்லை. அதற்குப் பிறகுதான் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாக ஆர்சியைப் புதுப்பிக்கிறோம். எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கு அடிக்கடி அலைவதெல்லாம் லாரிக்காரரும் வேன்காரரும் டாக்ஸிக்காரரும்தான். அதனால் உனக்கு இது ஏதோ சில்லறைச் சடங்கு மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை. இங்கே கணக்கு வேறு. புதுக் காருக்கு மூன்று வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. மூன்றிலிருந்து பத்து வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. பத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வருஷமும். தம்பி கார் அந்தக் கடைசி வகை. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் போனால் வருஷம்தோறும்.

இங்கே இன்ஸ்பெக்‌ஷன் தனியாக நிற்கும் காகிதம் இல்லை. விக்கோம், எஸ்டிஏ, ஜேஐசி என்று அரசாங்கம் அனுமதித்த மையங்களில் ஒன்றில் வண்டி தேறினால், முடிவு நேராக நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கணினிக்குப் போய்விடும். அது போய்ச் சேர்ந்தால்தான் சாலை வரி கட்ட விடும். காப்புறுதியும், அதாவது இன்ஷூரன்ஸும், செல்லுபடியாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்‌ஷனைத் தள்ளினால் சாலை வரி நின்றுவிடும். சாலை வரி இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டுவது மட்டுமல்ல, நிறுத்தி வைப்பதே குற்றம். அபராதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை போகும்.

முன்பெல்லாம் முன்கண்ணாடியில் சாலை வரி வட்டு ஒட்டியிருக்கும். தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 2017 பிப்ரவரியோடு அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது வண்டி எண்ணைத் தட்டினால் அதிகாரிக்கு எல்லாம் தெரிந்துவிடும், ஓட்டுகிறவனுக்குத்தான் மறந்துபோகும். கடிதமோ மின்னஞ்சலோ வரத்தான் செய்யும். ஆனால் வீடு மாறியவர்களுக்கும், ஊருக்குப் போய்விட்டவர்களுக்கும் தவறிவிடுவது உண்டு.

எங்கள் புளோக்கில் ஒரு அண்ணன் அப்படித்தான் மாட்டினார். அம்மா காரியத்துக்குப் புதுக்கோட்டைப் பக்கம் போனவர், நிலத் தகராறில் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது காருக்குச் சாலை வரி முடிந்து வெகு நாள். "விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும், மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் இன்ஸ்பெக்‌ஷன் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார். சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். கோபப்பட்டார்தான். அப்புறம் இழுவை வண்டி கூப்பிட்டு, அதன் முதுகில் ஏற்றித்தான் மையத்துக்கு அனுப்பினோம். காசு போனது, ஆனால் காசு மட்டும்தான் போனது.

லெஸ்டரில் இருக்கிற நம் வகுப்புத் தோழனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு வியப்பு. பிரிட்டனில் எம்ஓடி என்கிற வருஷச் சோதனைச் சான்று முடிந்த வண்டியை, முன்கூட்டியே பதிவு செய்த சோதனைக்கு மட்டும் ஓட்டிக்கொண்டு போகலாமாம். பழுது பார்க்கவும் கொண்டுபோகலாம். வேறு எதற்காக எடுத்தாலும் 1,000 பவுண்டு வரை அபராதம். அந்தச் சலுகையிலும் டயர் வழுக்கையாக இருந்தால் அது தனிக் குற்றம். அங்கே மூன்று வருஷமான கார் ஒவ்வொரு வருஷமும் சோதனைக்குப் போக வேண்டும். தம்பி அந்த ஊர் வீடியோ எதையாவது பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளப் போகிறான். அந்தந்த ஊர்ச் சட்டம் அந்தந்த ஊருக்கு.

அபராதத்தைவிட எனக்குப் பயம் காப்புறுதியில்தான். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் இங்கே 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 12 மாதம் லைசென்ஸ் போய்விடும். ஓட்டுகிறவன் மட்டும் இல்லை, ஓட்டக் கொடுத்தவனும் அதே குற்றத்துக்கு ஆளாவான். தம்பி இரக்க மனசுக்காரன், கூட வேலை செய்கிற பையன்களுக்குச் சாவியைக் கொடுத்துவிடுவான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். காப்புறுதிப் பத்திரத்தில் வண்டியை நல்ல ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை பொதுவாக இருக்கும். சந்தா கட்டியிருக்கிறோமே என்று தேதி தாண்டிய வண்டியை எடுத்துப் போய் ஒருவரை இடித்துவிட்டால், கம்பெனிக்காரன் முதலில் புரட்டுகிற பக்கம் அதுதான். அடிபட்டவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை நம்மிடம் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. சின்ன வயதில் குடும்பம் நடத்துகிற பையன், இந்தப் பாரத்தை எப்படித் தாங்குவான்?

சின் மிங் பட்டறையில் இத்தனை காலம் கை அழுக்காக்கியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். வண்டி வைத்திருக்கிற பலருக்கு இன்ஸ்பெக்‌ஷனில் என்ன பார்க்கிறார்கள் என்பதே தெரியாது. தரையில் பதித்த உருளைகள் மேல் முதலில் முன்சக்கரங்களை ஏற்றுவார்கள். உருளை சுற்றும், பிரேக்கை மிதித்தால் இடது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் தனித்தனியாகக் காட்டும். ஒன்று பலமாகவும் ஒன்று சோம்பலாகவும் பிடித்தால், ஈர ரோட்டில் அழுத்தி மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். தினமும் ஓட்டுகிறவனுக்கு அது காலில் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதால் கால் பழகிப்போயிருக்கும். அப்புறம் முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறதா, புகை அளவோடு இருக்கிறதா, பெல்ட் பூட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அடியில் விளக்கடித்து எண்ணெய் ஒழுகுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

எனக்கு மறக்காத ஒரு டயர் உண்டு. ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற கார். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போலத்தான் இருந்தது, பள்ளம் எல்லாம் ஆழமாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் விழுந்துவிட்டது என்று அழாத குறையாக வந்தார். தூக்கியில் ஏற்றிப் பார்த்தோம். சக்கர நேர்ப்பாடு கோணலாகி, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து தேய்ந்து, ரப்பருக்குள் இருக்கிற கம்பி ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று தெரிந்தது. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பள்ளம், அந்த விளிம்பில் பள்ளமே இல்லை. நின்றுகொண்டு பார்த்தால் யார் கண்ணுக்கும் படாத இடம். அந்தச் சோதனை ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால், பிஐஇ விரைவுச்சாலையில் வெடித்திருக்கும்.

தேறிவிட்டால் அடுத்த வருஷம் வரை கவலையில்லை என்றும் நினைக்கக் கூடாது. அன்றைக்கு அந்த வண்டி அப்படி இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. மறுவாரமே டயர் தேய்ந்து ரோட்டில் பிடிபட்டால், போன வாரம் தேறினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் நல்ல டயரை மாட்டி, சத்தம் போடுகிற புகைக்குழாயைக் கழற்றி ஒழுங்கான குழாயைப் போட்டு, தேறியதும் பழையபடி மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டறைக்கு அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்துப் பாதையில் ஸ்கூட்டரில் போகிறவன் என்ன பாவம் செய்தான்?

லாரிகளைப் பார்க்கும்போதுதான் இது எனக்கு ரொம்ப உறைக்கும். விடியற்காலையில் தங்குவிடுதிகளிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போவதை நீ இங்கே வந்தபோது பார்த்தாயே. பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, ராமநாதபுரம் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த லாரியின் பிரேக் எப்படி இருக்கிறது என்று ஏறுவதற்கு முன்னால் கேட்க அவர்களால் முடியுமா? முதலாளி அனுப்பிய வண்டியில் ஏறத்தான் வேண்டும். பத்து வருஷத்துக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு வருஷம் ஒரு முறை, தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை என்பதைக் கெடுபிடி என்று முணுமுணுக்கிற கம்பெனிக்காரர்கள் உண்டு. எனக்கு அது ரொம்ப நியாயமாகவே படுகிறது. கேள்வி கேட்க முடியாதவர்களுக்காக யாராவது ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். தம்பி காரின் பின்சீட்டில் உட்காரப் போகிற உன் பேரனும் கேள்வி கேட்க முடியாதவன்தானே.

தம்பிக்கு நான் சொல்லியிருப்பது இதுதான். நோட்டீஸ் வந்தாகிவிட்டது, கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். மாதக் கடைசியும் சனிக்கிழமையும் கூட்டம் நெரியும், வார நாளில் காலையில் போய்விட வேண்டும். விழுந்தால் பழுது பார்த்து மறுபடி காட்ட நாள் கையில் இருக்கும். கண்ணாடிக் கறுப்புத் தாளைக் கவனிக்கச் சொன்னேன். முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், பின்பக்கத்துக்கு 25 சதவீதம். பழைய சொந்தக்காரர் ஒட்டியது ரொம்பக் கறுப்பாக இருப்பதாகப் போட்டோவில் தெரிந்தது. அதைக் கிழித்துவிட வேண்டியதுதான். செலவுக் கணக்கையும் அவனிடம் சொன்னேன். பத்து வருஷம் தாண்டிய காருக்குச் சாலை வரியிலேயே 10 சதவீதம் கூடுதல், வருஷா வருஷம் ஏறி 50 சதவீதத்தில் போய் நிற்கும். ஐந்து வருஷ சிஓஇயை மறுபடி நீட்டிக்கவும் முடியாது. இதெல்லாம் தெரிந்துகொண்டு வாங்கியிருக்கலாம், பரவாயில்லை, வண்டி நல்ல வண்டியாகத்தான் தெரிகிறது.

வருகிற சனிக்கிழமை காலையில் காரை எங்கள் புளோக்குக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நாலு டயரையும் உள்பக்கம் கை விட்டுத் தடவிப் பார்த்து, பிரேக் கட்டையையும் நானே பார்த்துவிடுகிறேன். மருமகளையும் பேரனையும் கூட்டிவரச் சொன்னேன், வீட்டில் சாப்பாடு.

உன் மாருதிக்கு 15 வருஷம் இந்தத் தை மாதத்தோடு முடிகிறது என்று போன தடவை எழுதியிருந்தாய். பொங்கலுக்கு அதில்தான் குலதெய்வம் கோயிலுக்குப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னாலேயே ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து எனக்கு எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்