கட்டாயக் கஞ்சி வேண்டாம்

ஆசிரியருக்கு,

இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கத் தொண்டர்கள் முன்வருவது நல்லதே. ஆனால், அன்பு மட்டும் போதாது. விழுங்கும் திறன் குறைந்தவருக்குக் கஞ்சியைக் கட்டாயமாக ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். (இதை உறவினர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.) ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் அடிக்கடி நனைத்தாலே ஆறுதல் கிடைக்கும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இழுத்தால் தோல் உரியும். இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். குதிகாலோ இடுப்பின் அடிப்பகுதியோ சிவந்திருந்தால் தேய்க்காமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்தின் அளவைத் தொண்டர் மாற்றவே கூடாது.

கேரளம் 2008-லேயே இத்தகைய நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்து, உள்ளூர்த் தொண்டர்களையும் அதில் இணைத்தது. இங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொண்டர் பயிற்சியை முறையாக நடத்தலாமே?

– நோய்த் தணிப்புத் தொண்டர்கள், மதுரை