முக்காலே மூணு வீசம்

அன்புள்ள நண்பா,

இவ்விடம் எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. படிக்கலாம், எழுதலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் கடிதம் உனக்குத்தான். உன் மூட்டுவலி எப்படி? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

நிற்க.

இந்த 'நிற்க'வைப் பார்த்து எத்தனை காலமாகிறது! நலம் விசாரித்தது போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன் என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடும். என் பேரன் அனுப்பும் வாட்ஸப்புக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. 'தாத்தா ஃப்ரீயா?' அவ்வளவுதான்.

பழைய கடிதக்கட்டைப் பிரித்தபோது உன் கார்டு ஒன்று கிடைத்தது. 'இதைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்' என்று எழுதியிருக்கிறாய். தந்திச் செலவைக் கார்டிலேயே முடித்துக்கொண்ட சாமர்த்தியம்! 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. இனி பாவிக்கவும் ஒன்றுமில்லை.

இப்படி மறைந்துபோன பழைய சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'முக்காலே மூணு வீசம்'தான். வீசம் என்றால் 16இல் ஒரு பங்கு. முக்காலோடு மூணு வீசம் சேர்ந்தால் 16இல் 15. 'இங்கே முக்காலே மூணு வீசம் பேர் சோம்பேறிகள்' என்று ஒருவர் சொன்னால், சொல்கிறவர் மிச்ச வீசத்துக்குள் நாசூக்காக ஒதுங்கிக்கொள்ளலாம். இப்போது எதற்கெடுத்தாலும் 'நூறு சதவீதம்'. அதில் யாருக்கும் ஒதுங்க இடமில்லை.

தம்பிடியையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சில்லறைக் காசு அது; ரூபாய்க்கு 192 தம்பிடி. 1957இல் புது நயா பைசா வந்துவிட்டது; ஆனாலும் 'ஒரு தம்பிடி தரமாட்டேன்' என்கிற வீறாப்பு அதற்கப்புறமும் வெகுநாள் செல்லுபடியானது. 'பத்து பைசா தரமாட்டேன்' என்று சொல்லிப் பார், பேரம் பேசுகிற மாதிரி இருக்கும்.

எல்லாம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. உறையின் மேல் 'மகாராஜராஜஸ்ரீ' போட்டு எழுதுகிற வழக்கம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. எழுதுகிறவனுக்குக் கை வலி, வாங்குகிறவனுக்குக் கூச்சம்.

அப்புறம் ஒன்று. உன் பெரியம்மா திட்டுகிற திட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று பார்த்தால், ஒன்றுகூட எனக்கு முழுசாக ஞாபகம் வரவில்லை. வாங்கியவன் நீ, மறந்திருக்காது. அடுத்த கடிதத்தில், ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் பழைய சிநேகிதன்